உறவினரை வீட்டில் பராமரிப்போருக்கு அரசுச் சான்றிதழ்: அமெரிக்க மாகாணங்களின் நடைமுறையும் இந்தியாவின் நிலையும்

நோயுற்ற குழந்தையையோ முதிய பெற்றோரையோ வீட்டிலேயே கவனித்துக்கொள்ளும் குடும்ப உறுப்பினருக்குப் பயிற்சி அளித்து, தேர்வு நடத்தி, சான்றிதழ் வழங்கி, அந்தப் பணிக்கு ஊதியமும் கொடுக்கும் நடைமுறை அமெரிக்காவின் சில மாகாணங்களில் உள்ளது. மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பணிபுரியும் செவிலியர் உதவியாளர்கள் பெறும் அதே சான்றிதழைத் தன் பிள்ளைக்காகப் பெற்றுக்கொள்ளும் தாய்மார்கள் அங்கு உண்டு.

சான்றிதழ் இல்லாவிட்டாலும் அந்தத் தாய் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருப்பார். சான்றிதழ் கிடைத்த பின்னர், சட்டத்தின் பார்வையில் அவர் ஊழியர் ஆகிறார். ஊதியம், வேலை நேரம், மேற்பார்வை, ஓய்வூதியக் கணக்கு ஆகியவை அதனுடன் சேர்ந்து வருகின்றன. அரசின் நிதி குறையும்போது வேலையிழப்பும் வருகிறது.

அமெரிக்காவில் குடும்பத்தினரையோ நெருங்கியவர்களையோ பராமரிப்போரின் எண்ணிக்கை 6.3 கோடி என ஏஏஆர்பி அமைப்பும் தேசியப் பராமரிப்புக் கூட்டமைப்பும் 2025-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. 2015-இல் இந்த எண்ணிக்கை 4.35 கோடியாக இருந்தது. இவர்களில் பெரும்பாலானோர் ஊதியமின்றியே இப்பணியைச் செய்கின்றனர். இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பெற்றோரையும் குடும்ப உறுப்பினர்களையும் ‘பராமரிப்பாளர்’ என்றே வரையறுக்கிறது. எனினும் அந்த வரையறையை ஊதியத்துடனோ சான்றிதழுடனோ இணைக்கும் ஏற்பாடு இங்கு உருவாகவில்லை.

சான்றிதழ் ஏன் தேவைப்படுகிறது?

அமெரிக்காவில் வருவாய் குறைந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ‘மெடிகெய்ட்’ எனப்படுகிறது. 1965-இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின் செலவை மத்திய அரசும் மாகாண அரசுகளும் பகிர்ந்துகொள்கின்றன. சுமார் 7 கோடி பேர் இதன் கீழ் உள்ளனர். நீண்டகாலப் பராமரிப்புக்கான செலவில் பெரும்பகுதியை ஏற்பது இத்திட்டமே.

குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், உடை மாற்றுதல் போன்ற தனிநபர் பராமரிப்புச் சேவையை நோயாளியின் குடும்ப உறுப்பினர் அல்லாதவரே வழங்க வேண்டும் என்பது மெடிகெய்ட் சட்டத்தின் அடிப்படை விதி. இங்கு குடும்ப உறுப்பினர் என்பது சட்டப்படி பொறுப்புடைய உறவினரைக் குறிக்கும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பெற்றோரும், கணவனுக்கு மனைவியும், மனைவிக்குக் கணவனும் இவ்வாறு பொறுப்புடையவர்கள். பிள்ளையை வளர்ப்பது பெற்றோரின் கடமை, அதற்கு அரசு பணம் கொடுக்கத் தேவையில்லை என்பது இவ்விதியின் பின்னுள்ள கருத்து.

ஆனால் செயற்கை சுவாசக் கருவியுடன் வாழும் பிள்ளையின் தாய் இரவில் பலமுறை எழுந்து சளியை உறிஞ்சி எடுக்கிறார். வயிற்றில் பொருத்திய குழாய்வழி உணவு செலுத்துகிறார். வலிப்பு வரும்போது மருந்து கொடுக்கிறார். இவை எல்லாப் பெற்றோரும் செய்யும் கடமைகளின் எல்லைக்குள் வருவதில்லை. இதே வேலைகளை வெளியாள் செய்தால் மெடிகெய்ட் பணம் கொடுக்கும்.

இந்த முரண்பாட்டைக் கடக்க மாகாணங்கள் இரு வழிகளைக் கண்டன. முதலாவது, விதிவிலக்குத் திட்டம். அதே வயதுடைய, குறைபாடு இல்லாத பிள்ளைக்கு வழக்கமாகச் செய்வதைவிட மிகுதியாகச் செய்யப்படும் பணியை ‘வழக்கத்துக்கு மீறிய பராமரிப்பு’ என்று வகைப்படுத்தி, அதற்கு மட்டும் பெற்றோருக்கு ஊதியம் தர மத்திய அரசின் ஒப்புதலைப் பெறுவது. இரண்டாவது, சான்றிதழ் வழி. ‘வீட்டு மருத்துவ சேவை’ என்ற பிரிவில் குடும்பத்தினருக்கு எதிரான அதே தடை இல்லை. அங்கு தேவைப்படுவது பயிற்சியும் தகுதியும். எனவே தகுதி பெற்ற தாயை வீட்டு மருத்துவ சேவை நிறுவனம் ஒன்று பணியில் அமர்த்தி, அவர் பிள்ளைக்கே அவரை அனுப்பலாம்.

ஒரு சிறுமியால் மாறிய விதி

வீட்டிலேயே பராமரிப்பது என்ற எண்ணம் அமெரிக்க அரசுக் கொள்கைக்குள் நுழைந்ததில் கேட்டி பெக்கெட் என்ற சிறுமிக்கு முக்கிய இடம் உண்டு. அயோவா மாகாணத்தில் 1978-இல் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே மூளை அழற்சியால் பாதிக்கப்பட்டு, சுவாசக் கருவியின் உதவியுடன் மருத்துவமனையில் வாழ்ந்தார். வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம் என்ற நிலை வந்தபோதும் அது இயலவில்லை. மருத்துவமனையில் இருக்கும்வரை மெடிகெய்ட் செலவை ஏற்கும். வீடு திரும்பினால் பெற்றோரின் வருமானம் கணக்கில் எடுக்கப்பட்டு உதவி நின்றுவிடும்.

1981 நவம்பரில் அன்றைய அதிபர் ரொனால்ட் ரேகன் செய்தியாளர் சந்திப்பில் இதைச் சுட்டிக்காட்டினார். வீட்டுப் பராமரிப்புக்கு மருத்துவமனையைவிடக் குறைந்த செலவே ஆகும் நிலையில், விதி குழந்தையை மருத்துவமனையிலேயே இருத்தி வைப்பதாக அவர் விமர்சித்தார். அதே ஆண்டில் வீடு சார்ந்த சேவைகளுக்கான விதிவிலக்குத் திட்டங்களுக்குச் சட்டம் வழிவகுத்தது. 1982-இல், பெற்றோரின் வருமானத்தைக் கணக்கிடாமல் இத்தகைய குழந்தைகளுக்கு வீட்டிலேயே மெடிகெய்ட் வழங்கும் வாய்ப்பு மாகாணங்களுக்கு அளிக்கப்பட்டது. அந்த வாய்ப்பு இன்றும் கேட்டி பெக்கெட்டின் பெயராலேயே குறிப்பிடப்படுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் பின்னாளில் குரல் கொடுத்த அவர் 2012-இல் காலமானார்.

1999 ஜூன் மாதத்தில் ‘ஓம்ஸ்டெட்’ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இன்னொரு திருப்பம். சமூகத்தில் வாழத் தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளைத் தேவையின்றி நிறுவனங்களில் அடைத்து வைப்பது பாகுபாடு என்று நீதிமன்றம் கூறியது. அதன் பிறகு வீட்டுப் பராமரிப்புக்கான தேவை பெருகியது. ஆனால் வீட்டுக்கு வர ஆட்கள் போதவில்லை. மருத்துவர் பரிந்துரைத்த செவிலியர் நேரம் காகிதத்தில் இருக்கும், அதை நிரப்ப ஆள் இருக்காது என்ற நிலையில்தான் குடும்பத்தினருக்கே தகுதி வழங்கலாம் என்ற யோசனை வலுப்பெற்றது.

75 மணி நேரப் பயிற்சி

செவிலியர் உதவியாளர்களுக்கான குறைந்தபட்சப் பயிற்சியை நிர்ணயித்தது 1987-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். முதியோர் இல்லங்களின் அவலநிலை குறித்த புகார்களுக்குப் பின் இயற்றப்பட்ட அச்சட்டத்தின்படி பயிற்சி 75 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. அதில் குறைந்தது 16 மணி நேரம் மேற்பார்வையுடன் கூடிய செய்முறைப் பயிற்சியாக இருக்க வேண்டும். வீட்டு மருத்துவ சேவை உதவியாளர்களுக்கும் இதே 75 மணி நேர அளவு பொருந்தும்.

மாகாணங்கள் இதற்கு மேல் நிர்ணயித்துக்கொள்ளலாம். செவிலியர் உதவியாளர் சான்றிதழுக்கு ஃபுளோரிடாவில் 120 மணி நேரமும், கலிபோர்னியாவில் 160 மணி நேரமும், மெய்ன் மாகாணத்தில் 180 மணி நேரமும் பயிற்சி தேவை.

உடல் வெப்பம், நாடித்துடிப்பு, சுவாசம், ரத்த அழுத்தம் ஆகியவற்றை அளந்து பதிவு செய்தல், தொற்றுத் தடுப்பு, படுக்கையில் கிடப்பவரைப் பாதுகாப்பாகப் புரட்டித் தூக்குதல், படுக்கைப் புண் வராமல் காத்தல், உணவு மற்றும் நீரின் அளவைக் கவனித்தல், நோயாளியின் உரிமைகள் ஆகியவை பாடத்திட்டத்தில் இடம்பெறுகின்றன. எழுத்துத் தேர்வுடன், மதிப்பீட்டாளர் முன்னிலையில் செய்து காட்டும் தேர்வும் உண்டு. தேர்ச்சி பெற்றவரின் பெயர் மாகாணப் பதிவேட்டில் ஏற்றப்படும். குற்றப் பின்னணி சரிபார்ப்பும் நடைபெறும்.

சான்றிதழ் நிலையானதன்று. தொடர்ந்து 24 மாதங்கள் ஊதியத்துடன் கூடிய பணி செய்யாதவர் மீண்டும் தகுதியை நிரூபிக்க வேண்டும். வீட்டு மருத்துவ சேவையில் இருப்பவர் ஒவ்வோர் ஆண்டும் 12 மணி நேரக் கூடுதல் பயிற்சி பெற வேண்டும்.

இந்தப் பாடத்திட்டம் முதியோர் இல்லங்களை மனத்தில் கொண்டு உருவாக்கப்பட்டது. தன் நான்கு வயதுப் பிள்ளைக்காகப் படிக்க வரும் தாயும் முதியவரின் பல்செட்டைச் சுத்தம் செய்வது, முதியவரை நாற்காலிக்கு மாற்றுவது போன்றவற்றைக் கற்க வேண்டியுள்ளது. மறுபுறம், அவர் வீட்டில் நாள்தோறும் செய்யும் சுவாசக் குழாய் பராமரிப்பு இந்த அடிப்படைப் பாடத்தில் இடம்பெறுவதில்லை. தேர்வுக்குத் தயாராகும் வாரங்களில் பிள்ளையை யாரிடம் விட்டுச் செல்வது என்பதும் ஒவ்வொரு குடும்பமும் எதிர்கொள்ளும் சிக்கல்.

மாகாணத்துக்கு மாகாணம் மாறும் வழிகள்

கொலராடோ மாகாணம் பொதுச் சான்றிதழ் வழியைப் பின்பற்றுகிறது. அங்கு பெற்றோர் வழக்கமான செவிலியர் உதவியாளர் பயிற்சியை முடித்து, மாகாணச் செவிலியர் வாரியத்தின் சான்றிதழைப் பெற்று, வீட்டு மருத்துவ சேவை நிறுவனத்தில் ஊழியராகச் சேர்கின்றனர். அரசு நிறுவனத்துக்குப் பணம் செலுத்தும், நிறுவனம் பெற்றோருக்கு ஊதியம் தரும். பயிற்சிக் கட்டணத்தைத் தாமே ஏற்று பெற்றோரைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு.

அரிசோனா வேறு வழியைத் தேர்ந்தது. 2021-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் மூலம் ‘உரிமம் பெற்ற நல உதவியாளர்’ என்ற புதிய தகுதியை உருவாக்கியது. நீண்டநேரச் செவிலியர் சேவைக்குத் தகுதியுள்ள, 21 வயதுக்குட்பட்டவரின் பெற்றோர், காப்பாளர் அல்லது உறவினர் இதற்கு விண்ணப்பிக்கலாம். மருந்து கொடுத்தல், சுவாசக் குழாய் பராமரிப்பு, குழாய்வழி உணவு ஆகியவை இந்த உரிமத்தின் எல்லைக்குள் வருகின்றன. குறிப்பிட்ட பிள்ளையின் தேவையை ஒட்டிய உரிமம் என்பதால், முதியோர் இல்லப் பாடத்திட்டத்தால் எழுந்த குறை இங்கு ஓரளவு தீர்கிறது.

ஃபுளோரிடா 2023-இல் இதைப் போன்ற சட்டத்தை இயற்றியது. மருத்துவ ரீதியாகப் பெரும் ஆபத்தில் உள்ள குழந்தைகளின் குடும்பத்தினருக்குப் பயிற்சி அளித்து, அவர்களை வீட்டு மருத்துவ சேவை நிறுவனங்கள் பணியமர்த்த அச்சட்டம் வழி செய்கிறது.

வாஷிங்டன் மாகாணத்தின் அணுகுமுறை நேர் எதிரானது. வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்களுக்கு 75 மணி நேரப் பயிற்சியும் மாகாணச் சான்றிதழும் கட்டாயம் என்று 2011-இல் வாக்காளர்களே நேரடி வாக்கெடுப்பில் முடிவு செய்தனர். ஆனால் சொந்தப் பிள்ளையை அல்லது சொந்தப் பெற்றோரை மட்டும் பராமரிப்போருக்குச் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. குறைந்த நேரப் பயிற்சியுடன் அவர்கள் ஊதியம் பெறலாம். அந்நியருக்குப் பணி செய்வோரின் திறனுக்கே அரசின் உறுதி தேவை, தன் பிள்ளையை அறிந்த தாய்க்கு அது தேவையில்லை என்பது இந்த விலக்கின் அடிப்படை.

கலிபோர்னியாவின் வீட்டு ஆதரவுச் சேவைத் திட்டத்திலும் சான்றிதழ் கட்டாயமில்லை. அறிமுக வகுப்பும் கைரேகை வழியான குற்றப் பின்னணி சரிபார்ப்பும் போதும். அத்திட்டத்தில் ஊதியம் பெறும் பராமரிப்பாளர்களில் பெரும்பாலானோர் நோயாளிகளின் உறவினர்களே.

ஊழியரான பின்

சான்றிதழ் பெற்ற தாய் பணியில் சேர்ந்ததும் வீட்டின் அன்றாடம் மாறுகிறது. மருத்துவர் ஒப்பளித்த பராமரிப்புத் திட்டத்தில் எழுதப்பட்ட பணிகளுக்கும் நேரத்துக்கும் மட்டுமே ஊதியம். சமைத்து ஊட்டுவதில் சமைப்பது பெற்றோரின் கடமை, குழாய்வழி ஊட்டுவது பணி என்று வேலை பிரிக்கப்படுகிறது. செய்த ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் பதிய வேண்டும்.

நோயாளிக்குச் செவிலியர் சேவையும் வழங்கப்பட்டால், பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் 14 நாள்களுக்கு ஒருமுறையேனும் நிலையை ஆராய வேண்டும் என்பது மத்திய விதி. 2016-ஆம் ஆண்டின் மற்றொரு மத்தியச் சட்டம், வீட்டுப் பராமரிப்பாளரின் வருகையை மின்னணு முறையில் பதிவு செய்யக் கோருகிறது. பணி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இடம் ஆகியவை அதில் பதிவாகும். நோயாளியுடன் ஒரே வீட்டில் வசிப்போருக்கு விலக்கு அளிப்பதா என்பதை மாகாணங்கள் முடிவு செய்கின்றன.

வரியிலும் ஓய்வூதியத்திலும் வேறுபாடுகள் உண்டு. விதிவிலக்குத் திட்டங்களின் கீழ், உடன் வசிக்கும் நோயாளியைப் பராமரித்துப் பெறும் தொகைக்கு வருமான வரி விலக்கு உண்டு என அமெரிக்க வருவாய்த் துறை 2014-இல் அறிவித்தது. ஓய்வூதியக் கணக்கில் வேறொரு சிக்கல் இருக்கிறது. பராமரிக்கப்படுபவரே முதலாளியாகக் கருதப்படும் திட்டங்களில், பிள்ளையிடம் பணிபுரியும் பெற்றோருக்கும் துணைவரிடம் பணிபுரியும் கணவன் அல்லது மனைவிக்கும் பெரும்பாலும் சமூகப் பாதுகாப்பு வரி பிடிக்கப்படுவதில்லை. பிடிக்காததால் கையில் வரும் தொகை கூடும், ஆனால் அந்த ஆண்டுகள் ஓய்வூதியக் கணக்கில் சேராது. நிறுவனத்தின் ஊழியராகச் சான்றிதழுடன் பணிபுரிவோருக்கு அந்த வரி பிடிக்கப்பட்டு, கணக்கும் சேர்கிறது. பிள்ளைக்காக வேலையை விட்டு பதினைந்து, இருபது ஆண்டுகள் வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு இது முதுமையில் பெரும் வேறுபாட்டை உண்டாக்கும்.

பிள்ளை மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டால் வீட்டுச் சேவை நின்றுவிடும். தாய் மருத்துவமனைப் படுக்கையருகே இரவு பகலாக இருந்தாலும் பொதுவாக அந்நாள்களுக்கு ஊதியம் இல்லை. பிள்ளை இறந்துவிட்டால் அன்றே வேலையும் முடிகிறது. பொதுச் சான்றிதழ் பெற்றவர் அதைக் கொண்டு வேறிடத்தில் வேலை தேடலாம். குறிப்பிட்ட பிள்ளைக்காக மட்டும் தகுதி பெற்றவருக்கும், சான்றிதழே இல்லாமல் ஊதியம் பெற்று வந்தவருக்கும் அந்த வாய்ப்பு குறைவு.

நிதி நெருக்கடியும் வெட்டுகளும்

கோவிட் பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்கு வெளியாள் வருவது நின்றபோது, பெற்றோருக்கும் துணைவருக்கும் ஊதியம் வழங்க மத்திய அரசு பல மாகாணங்களுக்குத் தற்காலிக அனுமதி அளித்தது. 2023 மே 11 அன்று பொதுச் சுகாதார நெருக்கடி நிலை முடிவுக்கு வந்த பின், சில மாகாணங்கள் அதை நிரந்தரமாக்கின. செலவு எதிர்பார்த்ததைவிட வேகமாக உயர்ந்தது.

இண்டியானா மாகாணத்தில் மெடிகெய்ட் செலவுக் கணிப்பில் ஏறத்தாழ 100 கோடி டாலர் பற்றாக்குறை இருப்பது 2023 டிசம்பரில் தெரியவந்தது. அடுத்த மாதமே, சட்டப்படி பொறுப்புடைய பெற்றோரும் துணைவரும் உதவியாளர் பணிக்கு மணிக்கணக்கில் ஊதியம் பெறும் முறை நிறுத்தப்படும் என மாகாண அரசு அறிவித்தது. 2024 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மாற்றாக, நாளுக்கு இவ்வளவு எனத் தொகை வழங்கும் வேறொரு திட்டத்துக்கு மாறும்படி குடும்பங்களிடம் கூறப்பட்டது. வருமானம் கடுமையாகக் குறையும் என்று பெற்றோர் தலைநகர் இண்டியானாபொலிஸில் போராட்டம் நடத்தினர்.

அரிசோனாவில், வளர்ச்சிக் குறைபாடுடையோருக்கான சேவைப் பிரிவு 2025 வசந்த காலத்தில் நிதி தீர்ந்துபோகும் நிலைக்கு வந்தது. சான்றிதழ் வழியைச் சாராத, பெற்றோருக்கு ஊதியம் தரும் மற்றொரு திட்டத்தின் வளர்ச்சி அதற்கு ஒரு காரணமாகச் சுட்டப்பட்டது. நீண்ட இழுபறிக்குப் பின், 12.2 கோடி டாலர் கூடுதல் நிதிக்கான மசோதாவில் ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் ஏப்ரல் மாதத்தில் கையெழுத்திட்டார்.

2025 ஜூலையில் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட வரி மற்றும் செலவினச் சட்டம், பத்து ஆண்டுகளில் மெடிகெய்டுக்கான மத்தியச் செலவை 90,000 கோடி டாலருக்கும் மேல் குறைக்கும் எனக் கணிக்கப்பட்டுள்ளது. முதியோர் இல்லச் சேவையை மாகாணங்கள் கட்டாயம் வழங்க வேண்டும். வீடு சார்ந்த விதிவிலக்குத் திட்டங்களில் பெரும்பாலானவை மாகாணங்களின் விருப்பத்துக்கு உட்பட்டவை. எனவே நிதி குறையும்போது வீட்டுத் திட்டங்களே முதலில் வெட்டுக்கு உள்ளாகும் என்ற அச்சம் குடும்பங்களிடம் நிலவுகிறது.

ஆதரவும் மறுப்பும்

சான்றிதழ் முறையை ஆதரிப்போர் மூன்று காரணங்களைக் கூறுகின்றனர். பயிற்சியால் தொற்று, படுக்கைப் புண், தவறாகத் தூக்குவதால் ஏற்படும் காயம் ஆகியவை குறையும். பொதுப் பணத்துக்குப் பொறுப்புக் கூறல் இருக்கும். ஆள் பற்றாக்குறையால் நிரப்பப்படாத செவிலியர் நேரங்கள் நிரம்பும்.

மறுப்போரின் வாதங்களும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. ஆண்டுக்கணக்கில் சுவாசக் குழாயைக் கையாளும் தாயிடம் கை கழுவும் தேர்வு வைப்பது வீண் சடங்கு என்பது ஒரு கருத்து. ஆங்கிலம் சரளமாக வராத புலம்பெயர்ந்தோர், படிப்பு குறைந்தோர், பயிற்சி மையம் இல்லாத ஊரகப் பகுதியினர் ஆகியோர் தேர்வைத் தாண்ட இயலாமல் ஊதியத்தையும் இழக்கின்றனர் என்பது மற்றொன்று. தாய் தகுதி பெற்றுவிட்டால் வெளியிலிருந்து செவிலியரை அனுப்பும் அக்கறை நிறுவனங்களுக்குக் குறைந்துவிடும், ஓய்வே இல்லாத ஒரே ஊழியராகத் தாய் மாறிவிடுவார் என்ற கவலையும் உண்டு. வளர்ந்த பிள்ளைகளின் தரப்பில் வேறொரு கேள்வி எழுகிறது. குடும்ப வருமானம் தன் குறைபாட்டைச் சார்ந்திருக்கும்போது, தனித்து வாழ விரும்பும் இளைஞர் அதை வீட்டில் எப்படிச் சொல்வார் என்பதே அது.

இந்தியாவில் என்ன உள்ளது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கும் மேல். 2050-இல் முதியோர் எண்ணிக்கை 34.7 கோடியாக உயரும் என ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கை கணித்துள்ளது. இவர்களில் பராமரிப்பு தேவைப்படுவோரைக் கவனிப்பது பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள், தாய் ஆகியோரே.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஊதியம் பெற்றோ பெறாமலோ பராமரிப்பு அளிக்கும் எவரையும், பெற்றோர் உட்பட, பராமரிப்பாளர் என ஏற்கிறது. அச்சட்டத்தின் 24-ஆவது பிரிவு, உயர் ஆதரவு தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் ‘பராமரிப்பாளர் படி’ வழங்கும் திட்டத்தையும் அரசுகள் வகுக்க வேண்டியவற்றில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. எனினும் ‘பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டு’ என்ற சொற்றொடர் அதனுடன் இணைக்கப்பட்டுள்ளது. படி வழங்கப்படுவதும் அதன் அளவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவது இதனால்தான்.

கேரளத்தில் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டத்தின் கீழ், படுத்த படுக்கையாக இருப்போரையும் கடும் குறைபாடுடையோரையும் முழுநேரமாகக் கவனிக்கும் உறவினருக்கு மாதம் 600 ரூபாய் வழங்கப்படுகிறது. சான்றிதழோ தேர்வோ இதற்குத் தேவையில்லை. தொகை ஊதியத்துக்கு ஈடாகாது என்றாலும், பராமரிப்பவரின் கையிலேயே உதவியைச் சேர்ப்பது இதன் சிறப்பு. பயிற்சியிலும் கேரளத்துக்குத் தனி இடம் உண்டு. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் 2008-இல் மாநில அரசின் கொள்கையாக வளர்ந்தது. உள்ளாட்சி அமைப்புகளின் கீழ் வீடு தேடி வரும் செவிலியர்கள், புண்ணுக்கு மருந்திடுவது, குழாய்வழி உணவூட்டுவது, படுக்கையில் புரட்டுவது ஆகியவற்றை வீட்டாருக்குக் கற்றுத் தருகின்றனர்.

மத்திய அளவில், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோருக்கான பராமரிப்பாளர்களை உருவாக்க ‘சஹ்யோகி’ என்ற பயிற்சித் திட்டம் கொண்டுவரப்பட்டது. திறன் மேம்பாட்டுத் திட்டங்களில் வீட்டு நல உதவியாளர், முதியோர் பராமரிப்பாளர் ஆகிய பணிகளுக்குச் சான்றிதழ் உண்டு. அவை வெளியில் வேலை தேடுவோருக்கானவை. அந்தச் சான்றிதழைப் பெற்ற மகள் தன் தாயைக் கவனித்தால், அப்பணிக்குப் பணம் கொடுக்கும் காப்பீடோ அரசுத் திட்டமோ இல்லை. அமெரிக்காவில் சான்றிதழுக்கு மதிப்பு அளிப்பது அதன் பின்னால் நிற்கும் மெடிகெய்ட் நிதி. இந்தியாவில் சான்றிதழ் உள்ளது, அந்த நிதி வழி இல்லை.

பணியிலிருக்கும் பெற்றோரின் நிலை குறித்து 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முக்கியக் கருத்தைத் தெரிவித்தது. மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் தாய்க்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பை மறுப்பது, பணியிடத்தில் பெண்களின் சமமான பங்கேற்பை உறுதி செய்யும் அரசமைப்புக் கடமைக்கு முரணானது எனக் கூறிய நீதிமன்றம், விடுப்பு விதிகளை மறுஆய்வு செய்ய இமாசலப் பிரதேச அரசுக்கு உத்தரவிட்டது. அந்த வழக்கின் மனுதாரர் அரசுக் கல்லூரிப் பேராசிரியர். அமைப்புசாராத் துறையில் பணிபுரியும் பெண்களுக்கு இத்தகைய விடுப்பு இல்லை. அவர்கள் பெரும்பாலும் வேலையையே விட்டுவிடுகின்றனர்.

குடும்பங்கள் இப்போது பெறக்கூடியவை

40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உடையவரென்று சான்றளிக்கப்பட்டவர், தமக்கு உயர் ஆதரவு தேவை எனக் கருதினால் சட்டத்தின் 38-ஆவது பிரிவின்படி தாமாகவோ தம் சார்பில் பிறர் மூலமாகவோ விண்ணப்பிக்கலாம். அதை மதிப்பீட்டு வாரியம் ஆராய்ந்து அறிக்கை அளிக்க வேண்டும். பராமரிப்பாளர் படி வழங்கும் மாநிலங்களில் இந்த மதிப்பீடு பயன்படும். விண்ணப்பத்துக்கு முன் தனித்துவ மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைப் பெற்றிருப்பது நல்லது.

தேசிய அறக்கட்டளையின் கீழ் வரும் நான்கு வகைக் குறைபாடுகள் உடையோர் ‘நிராமயா’ திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு பெறலாம். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்போருக்கு, சார்ந்து வாழும் மாற்றுத்திறனாளி உறவினரின் பராமரிப்புக்காக 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் 80டிடி பிரிவு 75,000 ரூபாயும், கடும் குறைபாடு எனில் 1.25 லட்சம் ரூபாயும் கழிவாக அனுமதித்தது. வரி செலுத்தும் அளவுக்கு வருமானம் உள்ள குடும்பங்களுக்கே இது உதவும்.

அரசு மருத்துவமனையிலிருந்து நோயாளியை வீட்டுக்கு அழைத்துச் செல்லும்போது, செய்ய வேண்டிய பராமரிப்பைச் செவிலியரின் முன்னிலையில் ஒருமுறையேனும் செய்து காட்டி, சரியா எனக் கேட்டறிந்த பின்னரே புறப்படுவது நன்று. குழாய் அடைத்துக்கொண்டாலோ புண் நிறம் மாறினாலோ யாரை அழைப்பது என்பதையும், அவர்களது தொலைபேசி எண்ணையும் அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.